வேறு நாட்பட்ட நோய்கள் உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோயைக் கண்டறிவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்க்கரை நோய்க்கான அளவுகோல்களைப் பலரும் இப்போது மனப்பாடமாகவே சொல்கிறார்கள். வெறும் வயிற்றில் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், 75 கிராம் குளுக்கோஸ் கரைசல் குடித்த 2 மணி நேரத்தில் 200 அல்லது அதற்கு மேல், மூன்று மாதச் சராசரி எனப்படும் எச்பிஏ1சி 6.5 விழுக்காடு அல்லது அதற்கு மேல். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இவற்றில் இரண்டு முடிவுகள் ஒத்துவர வேண்டும். கடும் தாகம், அடிக்கடி சிறுநீர், எடை இழப்பு ஆகியவை தெளிவாக இருப்பவருக்கு எந்த நேரத்தில் எடுத்த ரத்தத்திலும் அளவு 200 அல்லது அதற்கு மேல் இருந்தாலே போதும். வேறு நோயில்லாத ஒருவருக்கு இந்த எண்கள் பெரும்பாலும் சரியாகவே வழிகாட்டும். ரத்தசோகை, சிறுநீரக நோய், கல்லீரல் நோய், தைராய்டு, ஆஸ்துமா, முடக்குவாதம், காசநோய் என்று ஏற்கெனவே ஏதேனும் ஒன்றோடு வாழ்பவருக்கோ, அந்த நோயும் அதற்கான மருந்தும் எண்களை மாற்றிவிடக்கூடும். நோய் இல்லாதவருக்கு நோயாளி என்ற பெயரும், நோய் உள்ளவருக்கு ‘ஒன்றுமில்லை’ என்ற பதிலும் கிடைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

எச்பிஏ1சி எண்ணை மட்டும் நம்புவது

இந்தப் பரிசோதனையை அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2010ஆம் ஆண்டிலும், உலக சுகாதார நிறுவனம் 2011ஆம் ஆண்டிலும் நோயைக் கண்டறிவதற்கு ஏற்றுக்கொண்டன. வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை, ஒரே முறை ரத்தம் கொடுத்தால் போதும் என்பதால் அது வேகமாகப் பரவியது. அது நேரடியாக அளப்பது ரத்தச் சர்க்கரையை இல்லை என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் எவ்வளவு பங்கு சர்க்கரையோடு ஒட்டியிருக்கிறது என்பதையே அது காட்டுகிறது. சிவப்பணு சுமார் 120 நாட்கள் வாழும் என்ற கணக்கின் மீதுதான் மூன்று மாதச் சராசரி என்ற பெயரே நிற்கிறது. எனவே, சிவப்பணுவின் ஆயுளை நீட்டும் அல்லது குறைக்கும் எந்த நிலையும், சர்க்கரை துளியும் மாறாதபோதே இந்த எண்ணை மாற்றிவிடும்.

இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் புதிய சிவப்பணுக்கள் உருவாவது மந்தமாகிறது; பழைய அணுக்கள் அதிக நாள் சுற்றிக்கொண்டிருப்பதால் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். வைட்டமின் பி12 குறைவிலும் ஃபோலிக் அமிலக் குறைவிலும் இதேதான் நிகழும். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் 2019–21ஆம் ஆண்டுச் சுற்றில் 15 முதல் 49 வயதுக்கு உட்பட்ட இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருப்பது பதிவாகியுள்ளது. இப்படிப்பட்ட நாட்டில், ஹீமோகுளோபின் அளவையே பார்க்காமல், 6.6 என்று வந்த ஓர் அறிக்கையைக் கொண்டு ஒரு பெண்ணுக்கு வாழ்நாள் நோயை எழுதிக்கொடுப்பது சரியில்லை என்பதே என் உறுதியான எண்ணம். இரும்புச்சத்து மாத்திரை சில மாதங்கள் எடுத்த பிறகு அதே எண் இறங்கிவருவதுண்டு.

எதிர்த்திசையில் நேரும் தவறு இதைவிட ஆபத்தானது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், சிறுநீரக நோய்க்காக, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் ஊசி போட்டுக்கொள்பவர்கள், அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், ரத்தம் இழந்தவர்கள், மண்ணீரல் வீங்கிய கல்லீரல் நோயாளிகள், சிவப்பணுவைச் சிதையாமல் காக்கும் ஜி6பிடி நொதி குறைவாக உள்ளவர்கள் ஆகியோரின் உடலில் சிவப்பணுக்களின் சராசரி வயது குறைந்துவிடும். சர்க்கரையோடு ஒட்டிக்கொள்ள அவற்றுக்குப் போதிய காலம் கிடைப்பதில்லை. சாப்பிட்ட பின் 260 காட்டும் ஒருவருக்குக்கூட எச்பிஏ1சி 6க்குள் வரலாம். அதைப் பார்த்து அவரும் வீட்டாரும் நிம்மதியாக இருந்துவிடுவார்கள்.

பிறவியிலேயே ஹீமோகுளோபின் அமைப்பு மாறியிருப்பவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. தலசீமியா கூறு (நோயாக வெளிப்படாமல் மரபணுவில் மட்டும் இருப்பது), நீலகிரிப் பழங்குடி மக்களிடையே காணப்படும் அரிவாள் வடிவ சிவப்பணுக் கூறு போன்றவை, ஆய்வகம் கையாளும் முறையைப் பொறுத்து முடிவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். இத்தகைய மாற்றம் தென்பட்டால் சில கருவிகள் அறிக்கையிலேயே ஒரு குறிப்பு தரும். அறிக்கையின் கீழ்ப்பகுதியில் உள்ள அந்தச் சிறிய வரியையும் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

இந்த நிலைகளில் செய்ய வேண்டியது, ரத்தச் சர்க்கரையை நேரடியாக அளக்கும் பரிசோதனைக்குத் திரும்புவதுதான். வெறும் வயிற்று அளவும் குளுக்கோஸ் குடித்த பிந்தைய அளவும் சிவப்பணுவின் ஆயுளைச் சார்ந்தவை அல்ல. ஃப்ரக்டோசமைன் என்ற பரிசோதனையும் உண்டு. கடந்த இரண்டு மூன்று வாரங்களின் சர்க்கரை நிலையை ரத்தப் புரதங்களின் வழியாக அது காட்டும். ஆனால், சிறுநீரில் புரதம் பெருமளவு வெளியேறுபவருக்கும் கல்லீரல் சுருக்கம் உள்ளவருக்கும் ரத்தத்தில் ஆல்புமின் குறைந்திருக்கும் என்பதால், அவர்களுக்கு இதுவும் தவறாகிவிடும். எச்பிஏ1சி ஒன்றைச் சொல்ல, ரத்தச் சர்க்கரை வேறொன்றைச் சொன்னால், இரண்டில் ஒன்றை வசதிக்கேற்பத் தேர்ந்தெடுக்காமல், ஏன் இந்த முரண் என்று தேடுவதே முறை.

காலை வெறும் வயிற்று அளவோடு நின்றுவிடுவது

ஆஸ்துமா, முடக்குவாதம், எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்கும் லூப்பஸ், சில சிறுநீரக நோய்கள் ஆகியவற்றுக்காகப் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகளை எடுப்பவர்கள் பெரும்பாலும் அதைக் காலை உணவுக்குப் பின் எடுக்கிறார்கள். அதன் தாக்கம் பிற்பகலிலும் மாலையிலும் உச்சத்தை அடைந்து இரவில் தணிந்துவிடும். அடுத்த நாள் காலை வெறும் வயிற்றில் பார்த்தால் 95 என்று அமைதியாக இருக்கும் அளவு, முந்தைய நாள் மாலையில் 280ஐத் தொட்டிருக்கலாம். ஸ்டீராய்டு எடுப்பவர்கள் மதிய உணவுக்கு 2 மணி நேரத்துக்குப் பின்னோ மாலையிலோ ரத்தம் கொடுப்பதுதான் பயனுள்ளது. மூட்டில் போடப்படும் ஸ்டீராய்டு ஊசியும் சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றும். முழங்கால் வலிக்கு ஊசி போட்ட அதே வாரத்தில் முழு உடல் பரிசோதனைக்குச் செல்பவர்கள் இதைச் சொல்லாமல் விட்டால், அறிக்கையைப் படிப்பவருக்குக் காரணம் தெரிய வழியே இல்லை.

கல்லீரல் சுருக்கத்திலும் வெறும் வயிற்று அளவு இயல்பாக இருந்து, சாப்பிட்ட பின்னரே ஏறுவது உண்டு. இவர்களுக்கு 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனையே பெரும்பாலும் உண்மையை வெளிக்கொணர்கிறது. அந்தப் பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாட்களும் வழக்கம்போல் சோறும் இட்லியும் சாப்பிட்டிருக்க வேண்டும். பயந்துபோய் உணவைக் குறைத்துக்கொண்டு சென்றால் முடிவு பிசகும்.

வீட்டுக் கருவியின் எண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது

விரல்நுனியில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டர், நோய் உறுதியானவர் தம் அளவைக் கண்காணிக்கவும், நோய் இருக்கக்கூடியவரை முதலில் பிரித்தெடுக்கவும் உதவுவது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் போன்ற திட்டங்களில் வீட்டு வாசலிலேயே சர்க்கரை பார்க்கப்படுவது பெரிய நன்மை; அங்கே கூடுதலாகத் தெரிந்தால் அடுத்த படி ஆய்வக உறுதிப்பாடு. ரத்தசோகை கடுமையாக உள்ளவரிடம் பல கருவிகள் அளவைக் கூட்டிக் காட்டும். ஆய்வக ரத்தத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தால், அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருப்பதால், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அளவு ஏறத்தாழ 5 முதல் 7 விழுக்காடு வரை குறையும். காலையில் வீட்டுக்கு வந்து எடுத்துச் செல்லப்படும் மாதிரி எப்போது ஆய்வகத்தை அடைகிறது என்று கேட்பதில் தவறே இல்லை.

நோயின் நடுவே, மருந்தின் நடுவே முடிவு கட்டுவது

மாரடைப்பு, நிமோனியா, அறுவை சிகிச்சை போன்ற கடும் நெருக்கடியில் உடல் சுரக்கும் ஹார்மோன்களே சர்க்கரையை ஏற்றும். மருத்துவமனையில் 220 இருந்தது என்பதற்காக அந்த நபர் நிரந்தரச் சர்க்கரை நோயாளி ஆகிவிட மாட்டார். அதே நேரத்தில், அது வெறும் பதற்றம் என்று தள்ளிவிடவும் கூடாது. அனுமதிக்கப்பட்டபோதே எச்பிஏ1சி பார்த்தால், ஏற்கெனவே மறைந்திருந்த நோயா, புதிதாக வந்த ஏற்றமா என்று ஓரளவு பிரித்தறியலாம். உடல் தேறிய சில வாரங்களில் மறுபடி பார்ப்பது கட்டாயம். காசநோயிலும் இதே கவனம் தேவை. நம் நாட்டில் காசநோய் உறுதியான ஒவ்வொருவருக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும் என்பது தேசியத் திட்டத்தின் நெறிமுறை. தொடக்கத்தில் உயர்ந்திருந்த அளவு சிகிச்சையில் இயல்புக்கு வருவதும் உண்டு என்பதால், ஒரே பரிசோதனையோடு கதையை முடிக்கக் கூடாது.

அண்மை ஆண்டுகளில் சேர்ந்துள்ள ஒரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் ஆகிய மாத்திரைகள் சர்க்கரை நோய்க்காக உருவானவை என்றாலும், சர்க்கரையே இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் இப்போது தரப்படுகின்றன. அவை குளுக்கோஸைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. ஆகவே, சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரை மூன்று பிளஸ் வரும். அதைக் கண்டு நோய் என்று முடிவு செய்துவிடக் கூடாது. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்காக, சர்க்கரை நோய்க்கும் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையை எடுக்கும் இளம்பெண்ணை, மாத்திரைச் சீட்டைப் பார்த்த மாத்திரத்தில் சர்க்கரை நோயாளி என்று பதிவு செய்துவிடுவதும் நடக்கிறது. அந்த ஒரு சொல் பின்னர் காப்பீட்டு விண்ணப்பம் வரை பின்தொடர்ந்து வரும்.

எந்த வகை என்று கேட்காமல் விடுவது

முப்பது வயதைத் தாண்டியவருக்கு வந்தால் அது, இன்சுலின் சரிவர வேலை செய்யாத இரண்டாம் வகைதான் என்ற துணிபு, நான் பார்த்தவரை, மிக அதிகமானவர்களை அலைக்கழிக்கிறது. உடலின் எதிர்ப்பாற்றலே கணையத்தைத் தாக்கும் முதல் வகை, நடுவயதிலும் மெல்ல மெல்லத் தொடங்கும். ஏற்கெனவே தன்னெதிர்ப்புத் தைராய்டு நோயோ, கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயோ, வெண்புள்ளியோ உள்ளவர், உடல் மெலிந்தவர், மாத்திரைகளைக் கூட்டியும் சர்க்கரை அடங்காதவர் ஆகியோருக்கு எதிர்ப்பாற்றலின் தாக்குதலைக் காட்டும் ஜிஏடி எதிர்ப்பொருள், உடல் தானே சுரக்கும் இன்சுலினின் அளவை உணர்த்தும் சி பெப்டைடு ஆகிய பரிசோதனைகள் செய்யலாமா என்று கேட்க வேண்டும். வகை தவறினால் விளைவு சிறியதன்று. இன்சுலின் தேவைப்படும் ஒருவருக்கு அதைக் கொடுக்காமல் முன்பு சொன்ன டபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரையைக் கொடுத்தால், ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே கீட்டோன் அமிலம் பெருகி உயிருக்கு ஆபத்து நேரலாம்.

கணைய நோயால் வரும் சர்க்கரை தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் அந்நியமானதன்று. சிறுவயது முதல் விட்டுவிட்டு வரும் மேல்வயிற்று வலி, எண்ணெய்ப் பசையோடு மிதக்கும் மலம், மெலிந்த உடல், கணையக் குழாயில் கற்கள் ஆகியவை அதன் அடையாளங்கள். வயிற்றின் சாதாரண எக்ஸ்ரேயிலேயே அந்தக் கற்கள் தெரிவதுண்டு. இவர்களுக்குப் பெரும்பாலும் இன்சுலினோடு செரிமான நொதி மாத்திரையும் தேவைப்படும். ஊட்டச்சத்துக் குறைவோடு தொடர்புடைய சர்க்கரை நோயை ஐந்தாம் வகை எனத் தனியே அங்கீகரிக்கும் முடிவு 2025இல் பாங்காக்கில் நடந்த சர்வதேச நீரிழிவு மாநாட்டில் எடுக்கப்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்களுக்கு அதில் பங்குண்டு. ஐம்பது வயதுக்கு மேல், குடும்பத்தில் எவருக்கும் இல்லாமல் திடீரெனச் சர்க்கரை வந்து, கூடவே காரணமின்றி எடையும் குறைந்தால், கணையப் புற்றுநோய் இல்லை என்பதையும் ஸ்கேன் மூலம் உறுதி செய்துகொள்ள வேண்டும். எடை இழப்பைச் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிட்டால் விலைமதிப்பற்ற மாதங்கள் வீணாகும்.

எல்லாவற்றையும் சர்க்கரையின் மீது போடுவது

நோய் உறுதியான பிறகு வரும் பாத எரிச்சலும் மரத்துப்போதலும் சர்க்கரையால்தான் என்று எடுத்துக்கொள்ளப்படுகின்றன. மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் எடுப்பவருக்கு வைட்டமின் பி12 குறையும். அதுவும் இதே எரிச்சலைத் தரும், ஈடுசெய்தால் பலருக்கும் குணமாகும். அதுபோல, சிறுநீரில் ரத்த அணுக்கள் தெரிந்தாலோ, சிறுநீரகம் சில மாதங்களில் விரைந்து பழுதடைந்தாலோ, கண் விழித்திரையில் பாதிப்பே இல்லாதபோது சிறுநீரில் புரதம் கொட்டினாலோ, காரணம் வேறொரு சிறுநீரக நோயாக இருக்கலாம். திசுப் பரிசோதனை வரை செல்ல வேண்டியிருக்கும்.

இவற்றைப் படித்தபின் தமக்கு எழுதப்பட்ட நோய் சரிதானா என்று ஐயம் எழுபவர்கள், அண்மை ஓராண்டின் அறிக்கைகள், எடுக்கும் எல்லா மாத்திரைகள், நாட்டு மருந்துப் பொடிகள், ரத்தம் ஏற்றிய தேதி, ஊசி போட்ட தேதி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி எடுத்துச் சென்று, ‘என் உடல்நிலைக்கு எந்தப் பரிசோதனை பொருந்தும்?’ என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேட்கலாம். அதுவரை மாத்திரையையோ இன்சுலினையோ தாமாக நிறுத்தக் கூடாது. முதல் வகை நோய் உள்ளவர் இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாட்களுக்குள்ளேயே தீவிரச் சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வேண்டிய நிலை வரும்.