பெயிண்ட் அடித்தாயிற்று, அப்புறம்? ஸ்கேல் மாடலை முடிப்பதும் படம் எடுப்பதும்

கிட் பெட்டியில் வந்த பிளாஸ்டிக் விமானத்தின் துண்டுகளை ஒட்டியாயிற்று, தேய்த்தாயிற்று, பச்சையும் பழுப்புமாகப் பெயிண்டும் அடித்தாயிற்று. ஆனாலும் மேசைமேல் நிற்பது பொம்மை மாதிரித்தான் இருக்கிறது. போனில் படம் எடுத்துப் பார்த்தால் இன்னும் மோசம். முதல் கிட்டை முடித்தவர்களில் பலருக்கு இந்த ஏமாற்றம் வரும். மிச்சமிருக்கும் வேலையை 1/72 அளவில், அதாவது நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் செய்த ஒரு ஸ்பிட்ஃபயர் மார்க் 1-ஐ (அந்தப் போர் விமானத்தின் முதல் வகை) வைத்துச் சொல்கிறேன். 1940-ல் பிரிட்டன் வான்போரில் பறந்த விமானம் இது. நிஜத்தில் இறக்கை முனைக்கு முனை 11.23 மீட்டர், நம் மேசையில் 156 மில்லிமீட்டர்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஆறடி ஆள் 1/72-ல் சுமார் 25 மில்லிமீட்டர்தான். அவன் கண் இருப்பது ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் உயரத்தில். அந்தக் குட்டி ஆளை விமானத்தின் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சந்தேகம் வந்தாலும் அவனைத்தான் கேட்கப் போகிறோம்.

படி 1: பளபளப்பு

மேட் பெயிண்டின் (பளபளப்பில்லாத பெயிண்ட்) பரப்பு கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு. அதன்மேல் நேராக டிகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய சின்னங்கள்) ஒட்டினால் அடியில் காற்று சிக்கி, வெள்ளி பூத்ததுபோல மினுங்கும். அதனால் முதலில் க்ளாஸ் கோட், அதாவது நிறமில்லாத பளபளப்புப் பூச்சு. டாமியா எக்ஸ்-22 போன்ற அக்ரிலிக் க்ளாஸை மெல்லிசாக இரண்டு மூன்று முறை அடித்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். இப்போது விமானம் மிட்டாய் மாதிரி மின்னும். பயப்பட வேண்டாம், கடைசியில் போய்விடும்.

படி 2: டிகால்

ஒவ்வொன்றாக வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் பத்துப் பதினைந்து விநாடி முக்கி, எடுத்து டிஷ்யூ மேல் ஒரு நிமிடம் வையுங்கள். தண்ணீரிலேயே ஊறப்போட்டால் பசை கரைந்துவிடும். ஒட்டும் இடத்தில் மிஸ்டர் மார்க் செட்டர் (டிகாலைப் பிடித்து ஒட்டவைக்கும் திரவம்) ஒரு துளி. அதன்மேல் காகிதத்திலிருந்து டிகாலை விரலால் தள்ளாமல் ஈரப் பிரஷ்ஷால் நழுவவிடுங்கள். இடம் சரியானதும் தண்ணீரை ஒற்றி எடுத்துவிட்டு மேலே மிஸ்டர் மார்க் சாஃப்டர் (டிகாலை இளக்கும் திரவம்). சில நிமிடங்களில் டிகால் சுருங்கி நெளிந்து, போச்சு என்று நினைக்க வைக்கும். அப்போது கை வைக்காதீர்கள்! காய்ந்ததும் தானாகப் பேனல் கோட்டுக்குள் (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பள்ளக் கோடு) படிந்துவிடும். மறுநாள் குமிழி தெரிந்தால் ஊசி முனையால் குத்தி இன்னொரு துளி சாஃப்டர். பிறகு ஈரத்துணியால் கறையைத் துடைத்துவிட்டு, மேலே மறுபடி ஒரு க்ளாஸ் கோட்.

படி 3: பேனல் கோடுகள்

இனாமல் வாஷை (நீர்க்கக் கரைத்த இனாமல் பெயிண்ட்) நுனிப் பிரஷ்ஷால் கோட்டில் ஒரு இடத்தில் தொட்டால் போதும், தானே ஓடிப் பரவும். அரை மணி கழித்து, இனாமல் தின்னரில் லேசாக நனைத்த காட்டன் பட்ஸால் மிச்சத்தைத் துடையுங்கள். காற்று போகும் திசையில், முன்னிருந்து பின்னாக. அடியில் அக்ரிலிக் க்ளாஸ் இருப்பதால் இனாமல் தின்னர் பெயிண்டைக் கரைக்காது. பெயிண்ட் படாத பிளாஸ்டிக்கில் மட்டும் இந்தத் தின்னரைத் தேங்கவிடாதீர்கள். இறுக்கமாகப் பொருத்திய இடங்கள் விரிசல் விடும்.

எந்த நிறம்? கறுப்பு வேண்டாம். 0.3 மில்லிமீட்டர் கோடு நிஜ அளவில் இரண்டு சென்டிமீட்டருக்கும் மேல். இறக்கையில் விரல் நுழையும் அளவுக்குக் கறுப்புப் பிளவு இருந்தால் நம் ஆள் அந்த விமானத்தில் ஏறுவானா? அடர்பழுப்பு அல்லது சாம்பல் போதும்.

படி 4: தேய்மானம்

எல்லோரும் கை மீறுவது இங்கேதான், நானும் மீறியிருக்கிறேன். ஒரு மில்லிமீட்டர் வெள்ளிப் புள்ளி நிஜத்தில் ஏழு சென்டிமீட்டர் பெயிண்ட் உரிந்த இடம். தூரிகையை விட்டுவிட்டு, கிழிந்த ஸ்பாஞ்ச் துண்டில் வெள்ளிப் பெயிண்டைத் தொட்டு, காகிதத்தில் ஏறக்குறைய முழுக்க ஒற்றி எடுத்த பிறகு மாடலைத் தொடுங்கள்.

எங்கே உரியும் என்பதற்குக் காரணம் இருக்க வேண்டும். ஸ்பிட்ஃபயரில் விமானி ஏறும் கதவு இடப்பக்கம். ஆகவே இடது இறக்கை உடம்போடு சேரும் இடத்தில்தான் பூட்ஸ் தேய்ப்பு அதிகம். மார்க் 1-ல் வால் சுக்கான் துணி போர்த்தியது. அங்கே வெள்ளிப் புள்ளி வைத்தால் துணிக்கு அடியில் அலுமினியம் தெரிகிறது என்று அர்த்தமாகிவிடும்! எக்ஸாஸ்ட் புகைக்கு, பேஸ்டல் சாக்பீஸை உப்புத்தாளில் தேய்த்து வரும் பொடி போதும்.

படி 5: மேட் கோட்

கடைசிப் பூச்சு. பளபளப்பு போய், டிகாலும் பெயிண்டும் ஒரே பரப்பாகிவிடும். பெயிண்ட் அடிக்கும் முன் காக்பிட் கண்ணாடியை மறைக்க ஒட்டிய மாஸ்கிங் டேப்பை இதற்குப் பிறகுதான் உரிக்க வேண்டும், இல்லையென்றால் கண்ணாடியும் மங்கிவிடும்.

ஈரக்காற்றில் மட்டும் அடிக்காதீர்கள். சென்னையில் ஒரு நவம்பர் மாலை, மழை விட்ட அரை மணியில், அவசரப்பட்டு பால்கனியில் ஸ்ப்ரே அடித்தேன். இரண்டு மாத வேலைமேல் விபூதி பூசியதுபோல வெள்ளை படர்ந்தது. மேலே ஒரு க்ளாஸ் கோட் அடித்ததும் பெரும்பாலும் தெளிந்தது. வெயில் வந்த நாளில் மேட்டைத் திரும்ப அடித்தேன். அன்றிலிருந்து மழைக்காலத்தில் டிகாலோடு நிறுத்திக்கொள்வேன்.

இனி படம்

கேமராவை எங்கே வைப்பது? நம் ஆளின் கண் உயரத்தில், 24 மில்லிமீட்டரில். மேலிருந்து எடுத்தால் மொட்டைமாடியிலிருந்து பொம்மையைப் பார்ப்பதுதான். போனைத் தலைகீழாகத் திருப்பினால் லென்ஸ் மேசையை ஒட்டி வந்துவிடும்.

கிட்டே போகாதீர்கள். பக்கத்தில் போனால் மூக்கு பெருத்து, வால் மங்கும். இரண்டடி பின்னால் நகர்ந்து 2எக்ஸ் அல்லது 3எக்ஸ் லென்ஸில் எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோட் கூடவே கூடாது. நிஜத் தெருவின் படத்தில் மேலும் கீழும் மங்கலாக்கினால் தெரு பொம்மையாகத் தெரியும். அதே மங்கல் நம் மாடலையும் காட்டிக் கொடுத்துவிடும். தனிக் கேமரா என்றால் ட்ரைபாட், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 11 முதல் 16 வரை, இரண்டு விநாடி டைமர். எஃப் 22-க்கு மேல் போனால் படம் மொத்தமாகவே மழுங்கும்.

விளக்கு: வானத்தில் சூரியன் ஒன்றுதான். இரு பக்கமும் ஒரே அளவு விளக்கு வைத்தால் விமானத்துக்கு இரண்டு நிழல் விழும், சினிமா செட் போல. ஒரு எல்இடி விளக்கு மேலே ஒரு பக்கமாக, முன்னால் டிரேசிங் பேப்பர். எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டை. அறை டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், நிறம் கலங்கும். பின்னணிக்குச் சாம்பல் சார்ட் பேப்பரைச் சுவரிலிருந்து மேசைக்கு மடிப்பில்லாமல் வளைத்து விடலாம். வெள்ளைத் தாள் என்றால் கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும். திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

எனக்குப் பிடித்த வழி வேறு. அமெரிக்காவின் மைக்கேல் பால் ஸ்மித் 1/24 கார்களை வீட்டுக்கு வெளியே ஒரு மேசையில் வைத்து, பின்னால் இருக்கும் நிஜ மரங்களையும் வீடுகளையும் கோட்டுக்குக் கோடு பொருத்தி, எல்ஜின் பார்க் என்ற கற்பனை ஊரையே படமாக்கினார். அவரிடம் இருந்தது சாதாரணக் கேமரா. நாமும் மண் ஒட்டிய ஒரு பலகையை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்து, பலகையின் பின் விளிம்பைத் தூரத்து மரவரிசையின் அடியோடு பொருத்தலாம். நேரம் காலை ஏழு மணி. பலகையில் விமானத்தோடு ஒரு 25 மில்லிமீட்டர் ஆளையும் நிறுத்திவிட்டு, போனைத் தலைகீழாகப் பிடியுங்கள். காற்று அடித்தால் விமானத்தைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும். வீட்டில் யாரையாவது எழுப்பி வையுங்கள்.