கலை, கணினி, சூழலியல்: கூட்டாய்வை எங்கே தொடங்குவது?

மூன்று துறைகளும் சேர்ந்து ஆய்வு செய்யப் போகிறீர்களா? மென்பொருளைத் தேடுவதற்கு முன் கேள்வியை முடிவு செய்யுங்கள். சூழலியலாளர் தரவைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள, கலைஞர் கடைசியில் வந்து அழகுபடுத்துவது கூட்டாய்வே இல்லை. எல்லாரும் ஆரம்பத்திலேயே களத்துக்குப் போக வேண்டும்.

உதாரணமாக, வௌவால் ஒலி. பெரும்பாலும் 20,000 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 20,000 அதிர்வுக்கு) மேல் இருப்பதால் நம் காதுக்கு எட்டாது. 40,000 ஹெர்ட்ஸ் ஒலியைப் பதிய நொடிக்கு 80,000-க்கும் அதிகமான மாதிரிகள் எடுக்கும், அதாவது ஒலியை அத்தனை முறை அளக்கும் கருவி வேண்டும், சாதாரண ரெக்கார்டர் போதாது. அப்புறம் அதை 10 மடங்கு மெதுவாக ஓடவிட்டால் 4,000 ஹெர்ட்ஸ், நன்றாகவே கேட்கும். அதை வைத்து ஒலிப்படைப்பு செய்யுங்கள், ஆனால் எதை மாற்றினீர்கள் என்று பார்வையாளருக்குச் சொல்லிவிடுங்கள். மூலப்பதிவைத் தொடவே வேண்டாம்.

சரி, ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் எங்கே வரும்? அதையும் தொடங்கும்போதே பேசி எழுதி வைத்துவிடுங்கள்.