பூனை உள்ள வீட்டில் கிறிஸ்துமஸ் மரம்

மரம் சாய்ந்துவிடுமே என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். சாய்ந்த மரத்தைத் தூக்கி நிறுத்திவிடலாம். பூனை விழுங்கிய ஜிகினா இழையை எடுக்க வயிற்றைத் திறக்க வேண்டிவரும். அதனால் முதல் வேலை ஜிகினாச் சரம், மெல்லிய ரிப்பன், நூல் எல்லாவற்றையும் ஒதுக்குவதுதான்.

பூனையின் நாக்கு முட்கள் தொண்டையைப் பார்த்து வளைந்திருக்கும். வாய்க்குள் போன இழையைத் துப்ப வராது. ஒரு முனை நாக்கடியில் மாட்டிக்கொள்ள, மறுமுனையைக் குடல் இழுத்துக்கொண்டே போகும். பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குமே, அப்படிக் குடல் சுருங்கும். இழை அதை அறுத்தும்விடும். வாயிலோ ஆசனவாயிலோ இழை தொங்கினால் இழுக்காதீர்கள், அப்படியே கிளினிக்குக்குத் தூக்கிப் போங்கள். இழை கண்ணில் படாவிட்டாலும், பூனை திரும்பத் திரும்ப வாந்தியெடுத்து, சாப்பிடாமல் அலமாரிக்கு அடியில் பதுங்கினால் காத்திருக்க வேண்டாம்.

ஸ்டோரிலிருந்து மரப் பெட்டியை இறக்கும்போது கவனம். போன வருடம் போட்ட பாச்சை உருண்டை கிளைகளுக்குள் கிடக்கும். அதிலுள்ள நாஃப்தலின் பூனைக்கு நஞ்சு. பெட்டியை வீட்டுக்கு வெளியே கொட்டி, உருண்டைகளைப் பொறுக்கி, மரத்தை ஒருநாள் காற்றாட விடுங்கள். காலிப் பெட்டியைப் பூனைக்கே கொடுத்துவிடலாம். மரத்தைவிட அது பிடித்துப்போகும்.

மலேசியாவில் விற்கும் பிளாஸ்டிக் மரங்களின் மூன்று கால் மிக லேசு. 4 கிலோ பூனை உச்சிக்கு ஏறினால் நிற்காது. கால்கள் மேல் வாய் கட்டிய மணல் பை 5 கிலோவாவது வையுங்கள். திறந்த வாளியில் மணல் வேண்டாம், பூனை அதைக் கழிப்பிடம் ஆக்கிவிடும். ஆறடி மரமென்றால் நான்கடி உயரத்தில் தண்டைச் சுற்றித் தூண்டில் நைலானைக் கட்டி, இரண்டு பக்கமாக விரித்து ஜன்னல் கிரில்லில் இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் கட்டினால் மரம் சுழலும். முடிச்சுக்கு வெளியே நீளும் வாலை ஒட்ட நறுக்குங்கள், அதுவும் இழைதான். சோபா, டிவி கேபினட் இரண்டும் தள்ளியே இருக்கட்டும். அலங்காரம் இல்லாமல் மூன்று நாள் நிறுத்தி வைத்தால் பூனையின் பாதி ஆர்வம் அடங்கிவிடும்.

சுவரில் நேராகச் செருகும் விளக்குச் சரத்தில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் அப்படியே ஓடும். அடாப்டர் வைத்த எல்இடி சரத்தில் பெரும்பாலும் 24 அல்லது 31 வோல்ட்தான். சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை பார்த்து அதை வாங்குங்கள். பிளக்கிலிருந்து மரம் வரை வயரைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் விடுங்கள். பூனை வயரைக் கடித்து மயங்கினால் முதலில் சுவிட்ச், பிறகு பூனை. எழுந்து நடந்தாலும் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். நுரையீரலில் நீர் சேர்வது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும்.

கீழ் இரண்டடியில் துணி, மரம், அட்டை அலங்காரம் மட்டும். கண்ணாடி உருண்டைகள் மேலே, கம்பிக் கொக்கிக்குப் பதில் கேபிள் டையில்.

விருந்தாளி கொண்டுவரும் பூங்கொத்தில் லில்லி இருந்தால் வீட்டுக்குள் விடாதீர்கள். மேலில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் கெடும். ஜாடித் தண்ணீரும் ஆபத்துதான். எல்லாரும் பழிபோடும் சிவப்புப் பாயின்செட்டியா பெரும்பாலும் எச்சில் ஒழுகல், லேசான வாந்தியோடு சரி.

25ஆம் தேதி பொது விடுமுறை. சுங்கை சிப்புட் போன்ற சிறிய ஊரிலிருந்து அன்றிரவு பெரிய நகரமான ஈப்போ வரை ஓட வேண்டி வரலாம். திறந்திருக்கும் கிளினிக்கை முந்தின வாரமே விசாரித்து, எண்ணைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள்.