மாவோரிக் கோட்டையின் மாதிரி: ருவாபெக்காபெக்காவைச் செய்யும் முறை

பள்ளிக் கண்காட்சிக்கு மாவோரிக் கோட்டை செய்யும் பிள்ளைகள் முதலில் மதில்தான் கட்டுகிறார்கள். ராயபுரம் மாடிப் பூங்காவின் பழைய மதிலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கோட்டை என்றால் சுவர். ஆனால் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் கோட்டையான 'பா' என்பது மரவேலியும் மண்பள்ளமும்தான். அந்நாட்டின் வடக்கில் மாவோரித் தலைவர் கவிட்டி கட்டிய ருவாபெக்காபெக்கா, 1845 டிசம்பர் கடைசியில் பிரிட்டிஷ் பீரங்கிகள் குறிவைத்த கோட்டை.

முழுக் கோட்டையையும் செய்தால் பள்ளங்கள் கண்ணுக்கே தெரியாது. காட்டை ஒட்டிய பின்மூலை மட்டும் போதும். 1 செ.மீ.க்கு அரை மீட்டர் என்று அளவு வையுங்கள். 60 × 45 செ.மீ. பிளைவுட் மேல் 5 செ.மீ. கனத்துக்குத் தெர்மாகோலை ஒட்டுங்கள். ஃபெவிகாலே போதும், ரப்பர் சொல்யூஷன் தடவினால் தெர்மாகோல் கரைந்து குழி விழும்.

வேலிக்குத் தென்னந்துடைப்பத்து ஈர்க்கின் தடித்த அடிப்பகுதியை 8 செ.மீ. நீளத்துக்கு நறுக்குங்கள். 2 செ.மீ. உள்ளே, 6 வெளியே. வெளிவேலி, உள்வேலி என இரண்டு வரிசைக்கும் சேர்த்துச் சுமார் 400 குச்சி ஆகும். துப்பாக்கிக் காலத்துப் பாக்களில் வெளிவேலி முழுவதும் தரையைத் தொடாது. பள்ளத்தில் நிற்பவர் அதன் அடியிலிருந்து சுடுவார். அதனால் வெளிவரிசையில் ஐந்தில் ஒரு குச்சியை மட்டும் ஊன்றி, மற்றவற்றைக் குறுக்குக்குச்சியில் கட்டி, தரைக்கு 5 மி.மீ. மேலே நிறுத்துங்கள்.

உள்வேலிக்குப் பின்னால் 3.5 செ.மீ. ஆழப் பள்ளம் வெட்டுங்கள். நேராக வெட்டாதீர்கள். வளைந்து வளைந்து போனால்தான் ஒரு குண்டு பள்ளம் முழுவதையும் துடைத்துப் போகாது. இந்தக் கோட்டையின் உயிரே பதுங்குகுழிகள்தான். 8 × 6 செ.மீ. குழிமேல் குச்சி பரப்பி, மண் மூடி, 1.5 செ.மீ. வாய் விடுங்கள். ஒன்றை மட்டும் மூடாமல் விட்டால் உள்ளமைப்பு தெரியும்.

வெறும் களிமண் காய்ந்ததும் வெடிக்கும். பாதிக்குப் பாதி காகிதக்கூழ் சேர்த்து, 2 மி.மீ. கனத்தில் பூசுங்கள். காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கடற்காற்றில் ஈரம் சீக்கிரம் போகாது. ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு நாள் விடுங்கள்.

பின்பக்கம் காட்டுக்கு வழி விட மறக்காதீர்கள். 1846 ஜனவரி 11 அன்று படை உள்ளே நுழைந்தபோது கோட்டை ஏறக்குறையக் காலி. ஆட்கள் பின்காட்டில் இருந்தார்கள்.

விளக்க அட்டையில் 'அழிந்த இனம்' என்று எழுதிவிடாதீர்கள், அது பெரிய பிழை. கவிட்டியின் நாட்டி ஹினே மக்கள் இன்றும் அதே வட்டாரத்தில் வாழ்கிறார்கள். கவிட்டியோடு சேர்ந்து பிரிட்டிஷாரை எதிர்த்த தலைவர் ஹோனே ஹேக்கேயின் தரப்பு நான்கு முறை வெட்டிச் சாய்த்த, கொரொராரேக்கா ஊரின் பிரிட்டிஷ் கொடிமரத்தை, 1858இல் சமாதானத்துக்காக மீண்டும் நிறுத்தியவர் கவிட்டியின் மகன் மைஹி பாராவோனே கவிட்டி. அந்தப் பெயரையும் ஆண்டையும் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.