கிரேக்கக் கதைகளுக்கு மூலக்கதை தேடாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஏழெட்டுப் பேர் கூடி கிரேக்க இலக்கியமும் கலையும் படிக்கிறோம். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒருவர், ஒரு மதுக்கிண்ணத்தின் படத்தைப் பார்த்து இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். மூன்றாவது வரியிலேயே எனக்குத் திக்கென்றது. "ஓவியர் கதையைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்." பதினோரு வருடங்களுக்கு முன் அதே கிண்ணத்தைப் பற்றி நான் எழுதிய வரி அது.

பெயரைத் தப்பாக உச்சரிப்பது, ஆண்டுகளைக் குழப்பிக்கொள்வது எல்லாம் படிக்கப் படிக்கச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். பல வருடம் படித்த பிறகும் ஒட்டிக்கொண்டே இருக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ரோமப் பெயர்கள்

கிரேக்கப் பானையில் நிற்கும் தெய்வம் அதீனா. அவளை மினர்வா என்ற ரோமப் பெயரால் எழுத வேண்டாம்.

வெள்ளைச் சிலைகள்

கிரேக்கச் சிலைகள் வெள்ளை என்று எழுதாதீர்கள், அவை வண்ணம் பூசிய சிலைகள். 1972-இல் ஏதென்ஸைச் சுற்றியுள்ள அட்டிக்கா பகுதியில் மண்ணைத் தோண்டி எடுத்த ஃபிராசிக்லியா என்ற பெண்ணின் சிலையில், ஆடையின் சிவப்பு இன்னும் தெரிகிறது.

கோயிலுக்குள் பூசை நடந்தது என்று எழுதுவது

கோயில் என்றதும் நமக்குக் கருவறையும் தீபாராதனையும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. கிரேக்கக் கோயில் தெய்வத்தின் சிலை இருக்கும் வீடு. வழிபாடு வெளியே, வாசலுக்கு எதிரே இருந்த பலிபீடத்தில் நடந்தது. ஆட்டையோ மாட்டையோ வெட்டி, தொடையெலும்புகளைக் கொழுப்பில் சுற்றி நெருப்பில் இடுவார்கள். புகை தெய்வத்துக்கு, கறி வந்தவர்களுக்கு. பங்கு ஏன் இப்படிப் பிரிந்தது என்பதற்கு ஹெசியட் என்ற பழங்காலக் கவிஞர் ஒரு கதை சொல்கிறார்: தேவர்களின் அரசன் ஜீயஸை ஏமாற்ற, புரோமிதியஸ் எலும்புகளைக் கொழுப்பால் அழகாக மூடி அவன் முன் வைத்தான். அருமையான கதைதான். ஆனால் அந்தக் கதையை ஒப்புக்கொண்டால்தான் பலியிடலாம் என்று யாரும் நிபந்தனை வைக்கவில்லை. சடங்கைச் சரியாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். இதுதான் சரியான கதை என்று தீர்ப்புச் சொல்லும் வேதநூல் அவர்களிடம் இல்லை.

இது புரியாததால்தான் அடுத்த தவறும் வருகிறது.

கதைக்கு ஒரே வடிவம்தான் உண்டு என்று நம்புவது

அந்தக் கிண்ணத்துக்கு வருகிறேன். ஏதென்ஸைச் சேர்ந்த டூரிஸ் என்ற ஓவியர் கி.மு. 480-470 வாக்கில் வரைந்தது. இத்தாலியில் செர்வெத்தேரியில் கிடைத்து, இப்போது வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்வட்டத்தில் ஒரு பெரிய பாம்பு வாயை அகலத் திறந்திருக்கிறது. அதன் பற்களுக்கு நடுவிலிருந்து தாடி வைத்த ஒருவன் பாதி உடம்போடு வெளியே தொங்குகிறான். கைகள் துவண்டு கிடக்கின்றன, தலைமுடி கீழே சரிகிறது. பின்னால் மரத்தில் ஆட்டுத்தோல். எதிரே ஈட்டியும் ஆந்தையுமாக அதீனா. தொங்குகிறவன் யார் என்று சந்தேகமே வேண்டாம், ஜேசன் என்று பெயரே எழுதியிருக்கிறது.

நான் படித்திருந்த கதையில், பாம்பு காக்கும் தங்க ஆட்டுத்தோலை எடுக்க ஜேசன் வருவான். அவனுக்கு உதவும் மெடியா என்ற மந்திரக்காரி மருந்து தெளித்துப் பாம்பைத் தூங்கவைப்பாள். ஜேசன் தங்கத் தோலை எடுத்துக்கொண்டு போய்விடுவான். பாம்பு அவனை விழுங்கவே விழுங்காது. இந்தக் கிண்ணத்திலோ மெடியாவே இல்லை. சரி, ஓவியருக்குக் கதை தெரியவில்லை என்று முடிவுகட்டி, இரண்டு மாதம் உழைத்து ஒரு கட்டுரை எழுதினேன். அது ஒரு சிற்றிதழில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஒரு மாணவி அதை நம்பித் தன் ஆய்வேட்டில் எடுத்தாண்டிருந்ததைப் பார்த்தேன். அவளுக்குக் கடிதம் எழுதினேன், ஆனால் அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டிருந்தாள். இன்றைக்கும் அதை நினைத்தால் மனது ஆறவில்லை.

தவறு எங்கே என்றால், நான் 'கதை' என்று பிடித்துக்கொண்டிருந்தது ரோட்ஸ் அப்பொலோனியஸ் என்ற கவிஞர் பாடியது. அவர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டுக்காரர். கிண்ணம் அவருக்கு இரண்டு நூற்றாண்டு மூத்தது! டூரிஸின் காலத்தை ஒட்டி, கி.மு. 462-இல் பாடிய பிண்டார் என்ற கவிஞர், ஜேசன் பாம்பைக் கொன்றான் என்கிறார். கி.மு. 431-இல் யூரிப்பிடிஸின் நாடகத்தில் வரும் மெடியா, கொன்றது நான்தான் என்று ஜேசனின் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். மூன்று கவிஞர்கள், மூன்று விதம். இன்று கிடைக்கும் எந்தப் பாட்டிலும் இல்லாத நான்காவதைக் கிண்ணம் சொல்கிறது. அதைப் புத்தகத்துக்குப் போட்ட படமாக நினைத்ததால், கண்ணெதிரே இருந்த கதையை நான் பிழை என்று எழுதிவிட்டேன்.

இலக்கியத்திலும் இதே இழப்புதான். தெரியாமல் தாயையே மணந்த ஈடிபஸ், உண்மை தெரிந்ததும் தன் கண்களைக் குத்திக்கொண்டான் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒடிசி காவியத்தின் பதினோராவது படலத்தில் ஹோமர் கண்களைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. தாய் தூக்கிட்டு இறக்கிறாள், அவளுக்கு அங்கே பெயர் எபிகாஸ்தே. மகன் துயரத்தோடு தீப்ஸ் நகரை ஆண்டுகொண்டே இருக்கிறான். சோஃபக்ளிஸின் நாடகத்தில் அதே தாய் யொகாஸ்டா என்ற பெயரில் தூக்கிட்டுச் சாகிறாள். யூரிப்பிடிஸின் 'ஃபினீசியப் பெண்கள்' நாடகத்திலோ, எல்லாம் தெரிந்த பிறகும் அவள் உயிரோடிருந்து, மேடைக்கு வந்து முதல் வசனமே பேசுகிறாள். மூலக்கதை ஒன்று உண்டு என்று நம்புகிறவர் இதைப் பிழை என்பார். கிழவியாகிவிட்ட அந்தத் தாய் சண்டைபோடும் இரண்டு மகன்களையும் சமாதானப்படுத்தப் படும் பாடு அவர் கண்ணில் படாது.

அதனால் எழுதும்போது 'கதைப்படி' என்ற சொல்லை அடித்துவிடுங்கள். யார் சொன்னபடி, எந்தக் காலத்தில் என்று எழுதுங்கள். பானையைப் பற்றி எழுதினால் முதலில் பானையின் காலம், அப்புறம் கவிதையின் காலம். எல்லாக் கதைகளையும் ஒன்றாகக் கலந்து தரும் தொகுப்புகளைக் கடைசியில் திறந்தால் போதும்.

அக்கிலிஸின் குதிகால்

டிராய்ப் போரின் வீரன் அக்கிலிஸுக்குக் குதிகாலில் அடிபட்டால் மட்டும்தான் சாவு என்ற கதை ஹோமரில் இல்லை. அந்தப் போரைப் பாடும் இலியட்டில் மரக்குதிரையும் இல்லை.

ரோமப் பிரதியைக் கிரேக்கச் சிலை என்பது

பாலிக்ளைட்டஸ் என்ற கிரேக்கச் சிற்பியின் ஈட்டி வீரன் வெண்கலத்தில் வார்த்த சிலை, அது அழிந்துவிட்டது. நாம் பார்ப்பது இத்தாலியின் பொம்பேயி நகரில் கிடைத்த பளிங்குப் பிரதி. காலை ஒட்டி பளிங்கிலேயே செதுக்கிய ஒரு அடிமரம் இருக்கிறதே, அது பளிங்கின் எடையைத் தாங்க வைத்த முட்டு. அந்த மரத்துக்கு அர்த்தம் கண்டுபிடித்து யாரும் பத்தி எழுத வேண்டாம்.

புதியவரின் இரண்டு பக்கத்தைத் திருத்தித் தரவில்லை. அதற்குப் பதில் எக்சேகியாஸ் என்ற ஓவியர் கி.மு. 530-ஐ ஒட்டி வரைந்த சாடியின் படத்தை அவர் முன் வைத்தேன். அக்கிலிஸும் அவனுடைய சக வீரன் அஜாக்ஸும் பலகையின் இரு பக்கமும் குனிந்து உட்கார்ந்து விளையாடுகிறார்கள். இருவர் கையிலும் ஈட்டிகள். அக்கிலிஸ் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. அஜாக்ஸின் தலைக்கவசம் பின்னால் கேடயத்தின் மேல் இருக்கிறது. ஒருவன் வாயருகே 'நான்கு', மற்றவன் வாயருகே 'மூன்று' என்று எழுத்து. இது எந்தக் கவிதையில் வருகிறது என்று கேட்டார். இன்று கிடைக்கும் எதிலும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, புதுத் தாளில் முதல் வரியை எழுதினார்: "எக்சேகியாஸ் சொல்வது."