நூலக அடைவுகளுக்குப் பின்னால் இருந்த உளவுப் பணம்: தடம்பிடிக்கும் முறை

பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க நூலகங்கள் தொகுத்த அயல்நாட்டு நூற்பட்டியல்களையும் இதழ் அடைவுகளையும் (எது எங்கே உள்ளது என்று காட்டும் பட்டியல்களையும்) வரலாறு, சட்டம், அறிவியல் எனப் பல துறை ஆய்வாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அவற்றுள் சிலவற்றின் செலவை உளவு நிறுவனங்கள் நேரடியாகவோ வேறொரு பெயரின் மறைவிலோ ஏற்றுக்கொண்டன என்பது இப்போது ஆவணங்களால் தெளிவான செய்தி. ஓர் அடைவில் எந்த நாடு இடம்பெற வேண்டும், எந்தத் துறைக்கு முன்னுரிமை தர வேண்டும், எதை விட்டுவிடலாம் என்ற முடிவுகளில் பணம் கொடுத்தவரின் தேவைக்குப் பங்கு இருந்ததால், அந்த அடைவை நம்பி ஆய்வு செய்பவர் அதன் நிதி வரலாற்றையும் அறிந்திருப்பது கடமை என்று நான் கருதுகிறேன். அதை எப்படித் தேடுவது என்பதை முன்பயிற்சி இல்லாதவரும் பின்பற்றும் வகையில் இங்கே விளக்குகிறேன். இணைய இணைப்பும், ஆங்கில ஆவணங்களைப் பொறுமையாகப் படிக்கும் பழக்கமும், ஒரு குறிப்பேடும் இருந்தால் போதும்.

தொடங்கும் முன்: இந்த உறவு எப்படி உருவானது

1941 டிசம்பர் 22 அன்று, அமெரிக்கா போரில் இறங்கிய இரண்டு வாரங்களுக்குள், அயல்நாட்டு வெளியீடுகளைச் சேகரிப்பதற்கான துறைகளிடைக் குழு அமைக்கப்பட்டது. வில்லியம் டோனவன் தலைமையில் இயங்கிய தகவல் ஒருங்கிணைப்பு அலுவலகத்தின் கீழ் இருந்த இந்தக் குழு, 1942 ஜூனில் அந்த அலுவலகம் ஓ.எஸ்.எஸ். என்ற போர்க்கால உளவு அமைப்பாக மாறியபோது அதனுடன் சென்றது. ஹார்வர்டு வரலாற்றுப் பேராசிரியர் வில்லியம் லாங்கர் குழுவின் தலைவராகவும், ஹார்வர்டு நூலகத்தில் பணியாற்றிய பிரெடரிக் கில்கோர் செயலாளராகவும் இருந்தார்கள். லிஸ்பனிலும் ஸ்டாக்ஹோமிலும் இருந்த முகவர்கள் ஜெர்மானிய அறிவியல் இதழ்களையும் செய்தித்தாள்களையும் வாங்கி மைக்ரோபிலிமில் படமெடுத்து அனுப்பினார்கள். ஸ்டாக்ஹோம் பணியை நடத்திய அடேல் கிப்ரே, போருக்கு முன்பு ஐரோப்பிய நூலகங்களில் இடைக்காலக் கையெழுத்துப் படிகளைப் படமெடுத்துப் பழகிய ஆய்வாளர்.

சுருள் சுருளாக வந்து குவிந்த படங்களில் ஓர் அதிகாரி தனக்கு வேண்டிய கட்டுரையைக் கண்டெடுக்க வேண்டுமானால் அடைவு வேண்டும். அதனால் பட்டியலிடுதலும் பொருள்வாரியாகப் பிரித்தலும் உளவு வேலையின் பகுதியாகவே ஆயின. இதே கில்கோர்தான் 1967 இல் ஒஹாயோ கல்லூரி நூலக மையத்தின் முதல் தலைவராகி, இன்று உலகெங்கும் நூலகங்கள் பயன்படுத்தும் ஓ.சி.எல்.சி. கூட்டுப் பட்டியலுக்கு வழிவகுத்தார். போர்க்கால அனுபவத்துக்கும் பிற்கால நூலகப் பணிக்கும் இடையே ஆள்வழித் தொடர்பு இவ்வளவு நெருக்கமாக இருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், அடுத்து வரும் படிகள் எளிதாக விளங்கும்.

படி 1: கையில் உள்ள நூலின் முதல் பக்கங்களை முழுவதும் படியுங்கள்

முகப்புப் பக்கம், அதன் பின்புறம், முன்னுரை, நன்றியுரை ஆகிய நான்கையும் வரி விடாமல் படித்து, அங்கே காணப்படும் ஒவ்வொரு நிறுவனத்தின் பெயரையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். தொகுத்தவர், பதிப்பித்தவர், வெளியிட்டவர், உதவியவர் என்பவை வெவ்வேறு பொறுப்புகள்; அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து எழுத வேண்டும்.

ஒரு நல்ல பயிற்சி நூல், பல்கேரியாவின் சட்ட மூலங்களும் நூற்பட்டியலும் என்ற பொருளில் பெயரிடப்பட்டு 1956 இல் நியூயார்க்கில் வெளிவந்த தொகுப்பு. இதே வரிசையில் ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா, போலந்து முதலிய நாடுகளுக்கும் தொகுப்புகள் வந்தன. தொகுத்தவர்கள் அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் சட்டப் பிரிவில் இயங்கிய நடு ஐரோப்பியச் சட்டத் திட்டத்தைச் சேர்ந்தவர்கள். பொதுப் பதிப்பாசிரியரான விளாதிமிர் க்சோவ்ஸ்கி அந்த நூலகத்தின் அயல்நாட்டுச் சட்டப் பிரிவுத் தலைவர். வெளியிட்டது பிரேகர் பதிப்பகம். ஆனால் முகப்புப் பக்கத்தில் இன்னொரு பெயரும் இருக்கிறது: சுதந்திர ஐரோப்பாக் குழு. உங்கள் தேடலின் நூல்முனை அந்தப் பெயர்தான்.

படி 2: நிதியளித்த அமைப்பு எது என்று கண்டறியுங்கள்

பெயரைக் கண்டவுடன் அது எப்போது தொடங்கியது, எங்கிருந்து வருமானம் பெற்றது, பின்னர் அதைப் பற்றி என்ன வெளியானது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுங்கள். சுதந்திர ஐரோப்பாக் குழு 1949 இல் சுதந்திர ஐரோப்பாவுக்கான தேசியக் குழு என்ற பெயரில், தனிக் குடிமக்களின் அமைப்பு என்ற தோற்றத்துடன் தொடங்கப்பட்டது. சுதந்திர ஐரோப்பா வானொலியை நடத்தியதும் இதுவே. பொதுமக்களிடம் நன்கொடை திரட்டும் இயக்கம் வெளிப்படையாக நடந்துகொண்டிருந்தாலும், செலவின் பெரும்பகுதியைச் சிஐஏ கொடுத்தது. 1971 ஜனவரியில் செனட்டர் கிளிஃபோர்டு கேஸ் இதை வெளிப்படையாக எடுத்துரைத்ததற்குப் பின், வானொலிகளுக்கான நிதி காங்கிரசின் நேரடி ஒதுக்கீட்டுக்கு மாறியது. அந்த அமைப்பின் ஆவணங்கள் இப்போது ஸ்டான்ஃபோர்டில் உள்ள ஹூவர் நிறுவனத்தில் இருக்கின்றன. அவற்றின் விளக்கப் பட்டியலை இணையத்தில் படிக்கலாம்.

ஆகவே 1956 ஆம் ஆண்டுத் தொகுப்பின் வழி இதுதான்: காங்கிரஸ் நூலகத்தின் வல்லுநர்கள் தொகுத்தார்கள், சுதந்திர ஐரோப்பாக் குழு பணம் தந்தது, அந்தக் குழுவின் பின்னால் சிஐஏ இருந்தது. தொகுத்தவர்களுள் பலர் தம் நாட்டை விட்டு வெளியேறிய சட்ட அறிஞர்கள். அவர்களுடைய உழைப்பின் தரத்தை இந்தக் கண்டுபிடிப்பு சிறிதும் குறைத்துவிடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

படி 3: நூலகத்தின் ஆண்டறிக்கையில் பணத்தைத் தேடுங்கள்

எல்லா நூல்களும் முகப்பிலேயே உண்மையைச் சொல்வதில்லை. அப்போது அடுத்த ஆதாரம் காங்கிரஸ் நூலகரின் ஆண்டறிக்கை. ஹாத்திடிரஸ்ட், இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆகிய இரு தளங்களிலும் பழைய அறிக்கைகள் கிடைக்கின்றன. கட்டுரைப் பகுதியை விட்டுவிட்டு முதலில் பின்னிணைப்பில் உள்ள நிதி அட்டவணைக்குச் செல்லுங்கள். காங்கிரஸ் ஒதுக்கிய நிதி, பிற அரசுத் துறைகளிலிருந்து மாற்றப்பட்ட நிதி, நன்கொடை நிதி என்று வரவு பிரிக்கப்பட்டிருக்கும். உங்களுக்கு வேண்டியவை இரண்டாவதும் மூன்றாவதும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் அமெரிக்க அரசின் நிதியாண்டு ஜூன் 30 இல் முடிந்தது. ஆகவே 1951 செப்டம்பரில் தொடங்கிய ஒரு வெளியீட்டின் கணக்கு, 1952 ஆம் நிதியாண்டுக்கான அறிக்கையில் இருக்கும்; 1951 ஆம் ஆண்டு அறிக்கையில் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று முடிவுகட்டுவது தொடக்கநிலையினரிடம் பரவலாகக் காணப்படும் தவறு.

மாற்றப்பட்ட நிதி என்ற தலைப்பில் பாதுகாப்புத் துறையின் கிளைகள் வெளிப்படையாகவே காணப்படும். 1948 முதல் காங்கிரஸ் நூலகத்துக்குள் ஒரு பெரிய ஆய்வுப் பிரிவு விமானப்படையின் பணத்தில் சோவியத் வெளியீடுகளைப் படித்துச் சுருக்கியும் வகைப்படுத்தியும் வந்தது. ஆனால் சிஐஏ என்ற பெயர் அவ்வளவு எளிதில் கிடைக்காது. 1949 ஆம் ஆண்டின் சிஐஏ சட்டம், அந்த நிறுவனம் பிற துறைகளுக்குப் பணத்தை மாற்றவும் அவற்றிடமிருந்து பெறவும் வழக்கமான கட்டுப்பாடுகளிலிருந்து விலக்களித்தது. அதனால் பணம் ஒரு துறையின் பெயரில் வெளியே தெரிந்து, முடிவெடுத்தது இன்னொரு துறையாக இருக்கலாம். கூட்டு வெளியீடுகள் ஆய்வுச் சேவை என்ற மொழிபெயர்ப்பு அமைப்பு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு: 1957 இல் தொடங்கிய அதன் வெளியீடுகள் வணிகத் துறையின் வழியாக விற்கப்பட்டன, பொது நூலகங்களிலும் வைக்கப்பட்டன; நடத்தியது சிஐஏ.

படி 4: சிஐஏவின் மின்னணு வாசிப்பறையில் தேடுங்கள்

கிரெஸ்ட் எனப்படும், சிஐஏ இரகசியம் நீக்கி வெளியிட்ட ஆவணத் தொகுதியை முன்பெல்லாம் மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நேரில் சென்று, அங்கிருந்த சில கணினிகளில் மட்டுமே பார்க்க முடிந்தது. தகவல் உரிமை ஆர்வலர்களின் வழக்குக்கும் முயற்சிக்கும் பின், 2017 ஜனவரியில் ஏறத்தாழ 9,30,000 ஆவணங்கள் இணையத்தில் வந்தன. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ இன்று எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம்.

அடைவின் ஆங்கிலப் பெயரை மேற்கோள் குறிக்குள் தட்டச்சு செய்து தேடுங்கள். பழைய தட்டச்சுத் தாள்களை எழுத்துணரி மென்பொருள் பிழையாகவே படித்திருப்பதால், முழுப் பெயரில் ஒன்றும் வராவிட்டால் ஒன்றிரண்டு சொற்களை மட்டும் கொடுத்துப் பாருங்கள்; சுருக்கப் பெயரையும், பொறுப்பு நூலகரின் பெயரையும் தனித்தனியாகத் தேடுங்கள். கிடைத்த ஒவ்வொரு ஆவணத்துக்கும் சிஐஏ-ஆர்டிபி என்று தொடங்கும் எண் இருக்கும். அந்த எண்ணை எழுதிக்கொள்ளாவிட்டால் பின்னர் அதே தாளை மீண்டும் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

பக்கங்களில் வெட்டப்பட்ட வெற்றிடங்கள் இருக்கும், ஓரத்தில் 25எக்ஸ்1 போன்ற முத்திரை தெரியும். அது உளவு மூலத்தையோ முறையையோ காக்க எடுக்கப்பட்ட பகுதி என்பதைக் குறிக்கும். வெற்றிடத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து எழுதாதீர்கள். அதே கூட்டத்தின் குறிப்பு வேறொரு கோப்பில் வெட்டப்படாமல் வெளிவந்திருக்கலாம். அதைத் தேடுவதே முறையான வழி.

இந்தப் படியில் பின்னணிக்காகப் படிக்க வேண்டிய ஆவணம் ஒன்று உண்டு. 1953 மார்ச் 7 நாளிட்ட தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலின் 16 ஆம் எண் உளவு ஆணை, அயல்மொழி வெளியீடுகளைப் பயன்படுத்தும் பணியை ஒருங்கிணைக்கும் பொறுப்பைச் சிஐஏ இயக்குநரிடம் ஒப்படைத்தது. அதைப் படித்த பிறகு, நூலகங்கள் பற்றிய சிறு குறிப்புகள் கூட எந்தப் பெரிய திட்டத்தின் துண்டுகள் என்பது புரியும்.

படி 5: தேவைப்பட்டால் கேட்டுப் பெறுங்கள்

அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் அயல்நாட்டுக் குடிமக்களும் சிஐஏவிடம் ஆவணம் கேட்கலாம். அடைவின் பெயர், ஆண்டு வரம்பு, எந்த வகைக் கோப்பு என்பதைக் குறிப்பிட்டுச் சுருக்கமாக எழுதுங்கள். சட்டப்படி இருபது வேலை நாட்களில் பதில் வர வேண்டும் என்றாலும் நடைமுறையில் நீண்ட காத்திருப்புக்கு ஆயத்தமாக இருங்கள். காங்கிரஸ் நூலகம் சட்டமியற்றும் அவையைச் சேர்ந்தது. அதனால் இந்தச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது, அங்கே அதன் சொந்த விதிகளின்படி விண்ணப்பிக்க வேண்டும். போர்க்காலக் குழுவின் கோப்புகளுக்கோ விண்ணப்பமே வேண்டாம்: அவை தேசிய ஆவணக் காப்பகத்தின் 226 ஆம் பதிவுத் தொகுதியில் ஓ.எஸ்.எஸ். ஆவணங்களோடு இருக்கின்றன.

படி 6: கண்டதை எடைபோடுங்கள்

இதுவே கடினமான படி. பனிப்போர்க் காலத்தில் தொடங்கிய எல்லா நூலகத் திட்டங்களையும் உளவுத் திட்டம் என்று எழுதிவிடும் ஆர்வம் பலருக்கும் வருகிறது. அது பெரும் தவறு. 1948 இல் தொடங்கிய ஃபார்மிங்டன் திட்டத்தில் அமெரிக்க ஆய்வு நூலகங்கள் அயல்நாட்டு நூல்களைத் துறைவாரியாகப் பங்கிட்டுத் தங்கள் சொந்தப் பணத்தில் வாங்கின. நமக்கு நெருக்கமான பி.எல்.480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டத்தின் வழி வந்த நூல் திட்டமும் உளவுத் திட்டம் அல்ல. கோதுமை விற்று இந்தியாவில் சேர்ந்த ரூபாயைக் கொண்டு 1962 முதல் காங்கிரஸ் நூலகத்தின் புதுதில்லி அலுவலகம் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழி நூல்களை வாங்கிப் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பி, இந்தியச் சேர்க்கைப் பட்டியலையும் வெளியிட்டது. அந்தப் பணம் காங்கிரசின் வெளிப்படையான சட்டத்தின்கீழ் வந்தது. பட்டியலின் பயனை உளவுத் துறையும் பெற்றிருக்கலாம். பயன்படுத்துவதும் பணம் கொடுப்பதும் ஒன்றல்ல.

ஆகவே உங்கள் முடிவை எழுதும்போது, நிதி கொடுத்ததற்கு நேரடி ஆவணம் இருக்கிறதா, இடைநிலை அமைப்பு வழியாக வந்ததா, வெறும் ஆர்வம் காட்டியதற்கு மட்டும் சான்று உள்ளதா என்பதை வெவ்வேறு சொற்களால் குறிப்பிடுங்கள். ஒன்றையொன்று சாராத இரு ஆவணங்களாவது ஒத்துப்போகாத வரை உறுதியாக எழுத வேண்டாம்.

முதல் பயிற்சிக்கு, காங்கிரஸ் நூலகம் 1948 முதல் 1969 வரை வெளியிட்ட ரஷ்யச் சேர்க்கைகளின் மாதப் பட்டியலையும், 1951 முதல் 1961 வரை வந்த கிழக்கு ஐரோப்பியச் சேர்க்கைகளின் பட்டியலையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் நடுவில் பெயரில் பட்டியல் என்பதை அடைவு என்று மாற்றிக்கொண்டவை. பழைய பெயர், புதிய பெயர் ஆகிய இரண்டிலும் தேடுங்கள். தொடங்கிய ஆண்டு, பெயர் மாறிய ஆண்டு, நின்றுபோன ஆண்டு ஆகிய மூன்றுக்கும் உரிய ஆண்டறிக்கைகளை முதலில் திறந்து, நிதி அட்டவணைகளை அருகருகே வைத்து ஒப்பிடுங்கள்.