ஃபார்முலா ஸ்டூடன்ட் டீமில் சேர்வது எப்படி: முதலாமாண்டு மாணவருக்கு

கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. மாருதி 800 எஞ்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டிய கோவைக்காரர் எஸ். கரிவரதன் பெயரில் அமைந்த டிராக் அது. ஜனவரியில் அங்கே ஃபார்முலா பாரத் போட்டி நடக்கும். நாடு முழுவதிலிருந்தும் பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாங்களே வரைந்து, தாங்களே கட்டிய கார்களோடு வருவார்கள். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஃபார்முலா எஸ்ஏஇ என்று தொடங்கிய போட்டியின் இந்திய வடிவம் இது. உங்கள் கல்லூரியில் இப்படிக் கார் கட்டும் டீம், அதாவது ஃபார்முலா ஸ்டூடன்ட் டீம், இருந்து, அதில் சேர நினைத்தால் என்ன படிக்க வேண்டும், எதைப் பழக வேண்டும், எங்கே சறுக்கும் என்பதை இங்கே பார்க்கலாம்.

முதலில் ஒரு கணக்கு. மொத்தம் 1000 புள்ளிகள். அதில் 325 புள்ளிகள் கார் ஒரு அடிகூட நகராமல் கிடைப்பவை: டிசைன் 150, காஸ்ட் 100, பிசினஸ் பிளான் 75. மீதிதான் 75 மீட்டர் ஆக்சிலரேஷன், எட்டு வடிவ ஸ்கிட்பேட், வளைந்து நெளிந்த பாதையில் நேரம் பார்த்து ஓட்டும் ஆட்டோகிராஸ், சுமார் 22 கிலோமீட்டர் ஓடும் எண்டூரன்ஸ், எரிபொருள் சிக்கனம் ஆகியவற்றில் வருகிறது. டீமில் காரை ஓட்டுபவர்கள் நான்கைந்து பேர்தான். கட்டுபவர்கள், கணக்கு எழுதுபவர்கள், ஸ்பான்சர் தேடுபவர்கள் அதைப்போலப் பல மடங்கு. ஓட்டும் ஆசையோடு மட்டும் வந்தவர்கள் இரண்டாம் மாதத்தில் நின்றுவிடுவது இதனால்தான்.

தேர்வுக்கு முன்: ரூல் புக்

சேர்வதற்குமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று. போட்டியின் ரூல் புக்கை இறக்கிப் படியுங்கள். காசு கொடுத்து வாங்கும் எந்த ஆன்லைன் கோர்ஸும் இதற்கு ஈடாகாது. முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் படிக்க முயன்றால் சலிப்புதான் மிஞ்சும். ஒரு பகுதியை, உதாரணமாக பிரேக்கை, எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விதியையும் படித்ததும் அது எந்தப் பாகத்தைப் பற்றியது என்று நோட்டில் கையால் வரையுங்கள். பிறகு கல்லூரிப் பட்டறையில் நிற்கும் பழைய காரின் அருகே போய், வரைந்ததை ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள்.

சில எண்கள் மனத்தில் இருந்தால் சீனியர்கள் பேசுவது புரியும். பெட்ரோல் கார் என்றால் நான்கு ஸ்ட்ரோக் எஞ்ஜின், 710 சிசிக்கு மேல் போகக் கூடாது. எஞ்ஜினுக்குப் போகும் காற்று முழுவதும் 20 மி.மீ. விட்டமுள்ள ஒரே துளை வழியாகப் போக வேண்டும்; அதுதான் ரெஸ்ட்ரிக்டர். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே குறைந்தது 1525 மி.மீ. பிரேக் பெடல் 2000 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். ஓட்டுநர் 5 விநாடிக்குள் காரைவிட்டு வெளியே வர வேண்டும். எலக்ட்ரிக் கார் என்றால் 600 வோல்ட், 80 கிலோவாட் உச்ச வரம்பு. விதிகள் ஆண்டுதோறும் திருத்தப்படுகின்றன. அதனால் உங்கள் டீம் போகப்போகும் போட்டியின் அந்த ஆண்டுப் பதிப்பைத்தான் கையில் வைத்திருக்க வேண்டும். சீனியர் அனுப்பிய பழைய பிடிஎஃப்பை நம்பி ஒரு பிராக்கெட்டை வரைந்தால் அதைத் திரும்ப வரைய வேண்டி வரும்.

எழுத்துத் தேர்வும் நேர்காணலும்

பெரும்பாலான டீம்கள் ஒரு எழுத்துத் தேர்வு, ஒரு நேர்காணல், பிறகு சில வாரச் சோதனைக் காலம் என்று ஆள் எடுக்கின்றன. கேள்விகள் பிளஸ் டூ இயற்பியலைத் தாண்டுவது அரிது. ஆனால் அந்த இயற்பியலை காரின்மேல் பொருத்திப் பார்க்கச் சொல்வார்கள்.

ஒரு மாதிரி. ஸ்கிட்பேடில் உள்வட்டத்தின் விட்டம் 15.25 மீட்டர், பாதையின் அகலம் 3 மீட்டர். கார் பாதையின் நடுவில் ஒரு சுற்றை 5 விநாடியில் முடித்தால் பக்கவாட்டு முடுக்கம் எவ்வளவு? நடுக்கோட்டின் ஆரம் 9.125 மீட்டர். சுற்றளவை 5ஆல் வகுத்தால் வேகம் விநாடிக்கு 11.47 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் 14.4, அதாவது ஏறக்குறைய 1.47 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல 1.47 மடங்கு). மணிக்கு 41 கிலோமீட்டர் வேகத்தில்தான் இவ்வளவும் நடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

அடுத்த கேள்வி பெரும்பாலும் எடை மாற்றம் பற்றியதாக இருக்கும். ஓட்டுநரோடு கார் 280 கிலோ, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 300 மி.மீ., இடது வலது சக்கரங்களுக்கு இடையே 1200 மி.மீ. என்றால், 1.5 ஜி திருப்பத்தில் உள்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்கு எவ்வளவு சுமை நகரும்? 280 × 9.81 × 1.5 × 0.3 ÷ 1.2. சுமார் 1030 நியூட்டன், ஏறத்தாழ 105 கிலோ. ஈர்ப்பு மையத்தை 30 மி.மீ. இறக்கினால் இதில் பத்தில் ஒரு பங்கு குறையும். சீட்டை ஏன் தரையோடு ஒட்டிச் சாய்க்கிறார்கள், பேட்டரியை ஏன் அடியில் வைக்கிறார்கள் என்பது இந்த ஒரு வரியிலேயே வந்துவிடுகிறது.

நேர்காணலில் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். கூடவே அதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்றும் சொல்லுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வர முடியும் என்று கேட்டால் ஹாஸ்டல் நேரம், பஸ் நேரம், லேப் நாள் எல்லாம் கணக்கிட்டு உண்மையான எண்ணைச் சொல்லுங்கள். வாரம் 10 மணி நேரம் தவறாமல் வருபவர்தான் டீமுக்குப் பயன்படுவார். முப்பது என்று சொல்லிவிட்டு மூன்றாம் வாரம் காணாமல் போகிறவரை நம்பி எந்த வேலையையும் ஒப்படைக்க முடியாது. நீங்களும் கேட்க வேண்டியவை உண்டு. உறுப்பினர்கள் கைக்காசு போட வேண்டுமா, எவ்வளவு? போன ஆண்டு கார் எண்டூரன்ஸை முடித்ததா, இல்லையென்றால் எந்தப் பாகத்தால்?

எந்தப் பிரிவு?

ஏரோடைனமிக்ஸ், சஸ்பென்ஷன் இரண்டுக்கும் வரிசை நீளமாக நிற்கும். கார் போட்டியில் ஓடாமல் போவது பெரும்பாலும் வயரிங், பிரேக், கூலிங் ஆகியவற்றால். அங்கே ஆள் எப்போதும் குறைவு. ஆர்வம் எதில் என்று இன்னும் முடிவாகாதவர்களுக்கு நேரான யோசனை ஒன்று உண்டு. முதல் சீசனில் காஸ்ட் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். காரில் இருக்கும் ஒவ்வொரு நட்டும், ஒவ்வொரு வாஷரும், ஒவ்வொரு வெல்டும் எந்த மூலப்பொருள், எந்த இயந்திரம், எத்தனை நிமிடம் என்று அதில் எழுத வேண்டும். அதை எழுதி முடிப்பவருக்கு முழு காரும் தெரிந்துவிடும். 100 புள்ளி மதிப்புள்ள அந்த வேலைக்குப் போட்டியும் இருக்காது.

வயரிங் ஹார்னஸ் (காரின் மொத்த வயர்க் கட்டு) எடுத்தால் ஈயம் உருக்கி ஒட்டும் சால்டர் பழக்கத்தை விட்டுவிட்டு கிரிம்ப் செய்யக் (வயரை உலோக முனைக்குள் வைத்து நசுக்கி இணைக்கக்) கற்றுக்கொள்ளுங்கள். சால்டர் ஏறிய இடத்தில் வயர் விறைத்துவிடும். ஒற்றை சிலிண்டர் எஞ்ஜினின் அதிர்வில் அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் இழை இழையாக அறும். கிரிம்ப் செய்ததும் ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். எர்த் லக் (எர்த் வயரை ஃபிரேமோடு பிணைக்கும் முனை) வைக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டாமல் விட்டால் சென்சார் அளவுகள் தாவும். அதை மூன்று நாள் சாஃப்ட்வேரில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

எலக்ட்ரிக் கார் டீமில் முதலாமாண்டு மாணவர் பேட்டரிப் பெட்டியைத் தொடவே கூடாது. பயிற்சி பெற்ற சீனியர் இருவராவது உடன் இருந்து, இன்சுலேட்டட் கையுறையும் கருவிகளும் இருந்தால் மட்டுமே அதைத் திறக்கலாம். பேட்டரிக்குள் ஒரு செக்மென்ட்டுக்கு (பிரித்து வைத்த செல் தொகுதிக்கு) 120 வோல்ட் டிசிதான் வரம்பு என்றாலும் உயிரை எடுக்க அது போதும்.

பட்டறையில் முதல் மாதம்

உங்களுக்கென்று வாங்க வேண்டியவை அதிகமில்லை. 150 மி.மீ. வெர்னியர், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கெட்டியான தோல் ஷூ, 3 முதல் 10 மி.மீ. வரை ஆலன் கீ செட். தொங்கும் ஐடி கார்டையும் தளர்ந்த சட்டைக் கையையும் லேத் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

சேசிஸ் (காரின் குழாய் ஃபிரேம்) வேலையில் முதலில் தருவது குழாய் முனை வெட்டுவதாகத்தான் இருக்கும். வட்டமான குழாயின்மேல் இன்னொரு குழாய் உட்கார வேண்டுமென்றால் அதன் முனை மீன்வாய் போல வெட்டப்பட வேண்டும். கேட் மாடலிலிருந்து (கம்ப்யூட்டரில் வரைந்த வடிவத்திலிருந்து) முனையின் விரிவை ஒன்றுக்கு ஒன்று அளவில் அச்செடுத்து, குழாயில் சுற்றி ஒட்டி, கோடு போட்டு வெட்டிச் சாணை பிடியுங்கள். அச்செடுத்த தாளில் 100 மி.மீ. கோடு ஒன்றையும் சேர்த்து வைத்து வெர்னியரால் அளந்து பாருங்கள். பிரின்டர் பக்கத்துக்கு ஏற்பச் சுருக்கிவிட்டால் எல்லா முனையும் பாழ். இடைவெளி 1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் வெல்டர் கம்பியை ஊற்றி நிரப்புவார், வெப்பம் கூடும், ஆறும்போது குழாய் இழுத்துக்கொள்ளும். உள்பக்கமும் வெளிப்பக்கமும் பிசிறு எடுத்து, அசிட்டோன் கொண்டு துடைத்தபின்தான் டிக் (TIG) வெல்டருக்குக் கொடுக்க வேண்டும்.

முழு ஃபிரேமையும் ஜிக்கில் (குழாய்களை இடம் மாறாமல் பிடிக்கும் சட்டத்தில்) வைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் மூன்று நான்கு இடத்தில் டேக் (சிறு பொட்டு வெல்டு) மட்டும் போட்டு, அளந்து சரிபார்த்த பிறகுதான் முழு வெல்டு. அப்போதும் ஒரே மூலையில் தொடர்ந்து வெல்டு செய்யாமல் எதிரெதிர் மூலைகளாக மாறி மாறிப் போக வேண்டும். சஸ்பென்ஷன் டேப்களை (சஸ்பென்ஷன் கைகளை மாட்டும் தகடுகளை) கடைசியில், ஃபிரேம் இழுக்க வேண்டிய அளவு இழுத்து முடித்த பிறகு வையுங்கள். முதலிலேயே வைத்துவிட்டால் 2 மி.மீ. நகர்ந்திருக்கும், கேட் மாடலில் கணக்கிட்ட வீல் கோணங்கள் எதுவும் காரில் வராது.

சஸ்பென்ஷனில் டிசைன் நடுவர்கள் முதலில் தேடும் பிழை ஒன்று உண்டு. ராட் எண்டின் (கம்பி முனையில் மாட்டும் பந்து மூட்டின்) மரைப் பகுதி வளைவுச் சுமையைத் தாங்கும்படி வரைவது. ராட் எண்ட் இழுவிசைக்கும் அழுத்தத்துக்கும் செய்யப்பட்டது. பக்கவாட்டில் தள்ளினால் மரையின் அடியில் விரிசல் விடும். புஷ் ராட் (சக்கரத்தின் சுமையை ஸ்பிரிங்குக்குக் கொண்டுபோகும் கம்பி) ஏ-ஆர்மின் (சக்கரத்தை ஃபிரேமோடு இணைக்கும் A வடிவக் கையின்) நடுவில் வந்து சேரும்படி வரைந்த டீம்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. அந்த மூட்டை அப்ரைட்டுக்கு (சக்கரத்தைத் தாங்கும் பாகத்துக்கு) எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கொண்டுபோங்கள்.

பிரேக்கில் காற்று எடுக்கும்போது காலிப்பரின் (டிஸ்க்கைப் பேடுகளால் பிடிக்கும் பாகத்தின்) பிளீட் நிப்பிள் (காற்று வெளியேறும் திருகு) உச்சியில் இருக்கிறதா என்று பாருங்கள். இடத்துக்காகக் காலிப்பரைத் திருப்பி மாட்டியிருந்தால் நிப்பிள் கீழே போய்விடும். மேலே சிக்கிய காற்று எத்தனை முறை மிதித்தாலும் வெளியே வராது. காலிப்பரைக் கழற்றி, பேடுகளுக்கு நடுவே டிஸ்க்கின் தடிமனுக்குச் சமமான ஒரு தகடு வைத்து, நிப்பிள் மேலே வரும்படி பிடித்துக் காற்றெடுத்தால் பெடல் கெட்டியாகும்.

நட்டு போல்ட்டுக்கு ஒரு பழக்கம். முக்கியமான இணைப்புகளில் நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் எளிதில் தளராத நட்டு) போட்டு, இரண்டு மரையாவது வெளியே தெரிகிறதா என்று பார்த்து, டார்க் ரெஞ்சால் (குறித்த அளவு விசையில் இறுக்கும் ஸ்பேனரால்) இறுக்கி, பெயின்ட் மார்க்கரால் நட்டுக்கும் பாகத்துக்கும் குறுக்கே ஒரு கோடு இழுங்கள். கோடு முறிந்து தெரிந்தால் நட்டு சுழன்றிருக்கிறது. கோடு இழுத்தவர்தான் அந்த நட்டுக்குப் பொறுப்பு என்று டீமில் வழக்கம் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

தேர்வு மாதமும் போட்டி மாதமும்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. நவம்பர், டிசம்பரில் செமஸ்டர் தேர்வு. ஜனவரியில் போட்டி. தேர்வு முடிந்தபின் கட்டலாம் என்று விட்டால் கார் டிராக்கில்தான் முதல் முறையாக ஸ்டார்ட் ஆகும். அக்டோபருக்குள் கார் தன் சக்கரத்தில் உருள வேண்டும். உங்கள் பாகம் தாமதமாகும் என்று தெரிந்த அன்றே கேப்டனிடம் சொல்லுங்கள். வெளிப் பட்டறைக்குக் கொடுத்த வேலை சொன்ன தேதியில் வருவது அரிது. தீபாவளிக்கு முன்பின் பத்து நாள் எதுவும் நகராது என்று வைத்தே திட்டமிடுங்கள். அரியர் வைத்தால் சில கல்லூரிகள் பயணத்துக்கு அனுமதி தருவதில்லை.

டிராக்கில்

டெக் இன்ஸ்பெக்ஷனில் தேறாத கார் ஓட முடியாது. மெக்கானிக்கல் சோதனை, சாய்வு மேடையில் 60 டிகிரி, ஒலி அளவு, கடைசியாக பிரேக். பிரேக் சோதனையில் நான்கு சக்கரமும் பூட்டி நிற்க வேண்டும். புது பேடைப் பழக்காமல் மாட்டிக்கொண்டு வருவதும், பெடல் பிராக்கெட் வளைவதும்தான் இங்கே தோற்கக் காரணம். சீட் பெல்ட், ஹெல்மெட், ஃபயர் சூட் லேபிளில் உள்ள தரக் குறியையும் காலாவதியையும் கோவைக்குக் கிளம்பும் முன் பாருங்கள். அங்கே போய் வாங்க நேரம் இருக்காது.

ஓட்டுநர் வெளியேறும் 5 விநாடியில் ஷட்டவுன் பட்டனை அழுத்துவதும் ஸ்டியரிங்கைக் கழற்றுவதும் சேர்ந்தவை. டீமில் மிக உயரமானவரும் பட்டறையிலேயே ஐம்பது முறை பழகியிருக்க வேண்டும்.

எண்டூரன்ஸில் பாதித் தூரத்தில் ஓட்டுநர் மாறுவார். எஞ்ஜினை நிறுத்தி, 3 நிமிடத்தில் மாறி, மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். சூடான எஞ்ஜின் அங்கே கிளம்பாமல் போவதுதான் மனம் உடையும் காட்சி. ஃபேன் ஓடிக்கொண்டே இருந்து சிறிய லித்தியம் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் போன எரிபொருள் குழாயில் ஆவி அடைத்திருக்கும். மருந்து ஒன்றுதான். போட்டிக்கு முன்பே 11 கிலோமீட்டர் ஓட்டி, நிறுத்தி, 3 நிமிடம் காத்திருந்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். தொடர்ந்து பத்து முறை கிளம்பும்வரை விடாதீர்கள். அடுத்த எதிரி கசிவு. ஒரு சொட்டு ஆயிலோ கூலன்டோ டிராக்கில் விழுந்தாலும் கொடி காட்டி நிறுத்திவிடுவார்கள். ஹோஸ் கிளாம்ப் ஒவ்வொன்றையும் சூடாக இருக்கும்போது ஒருமுறை, ஆறிய பிறகு ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

ஊர் திரும்பியதும் கார் மூலையில் போய் நிற்கும், எல்லோரும் தூங்கப் போவார்கள். அந்த வாரத்திலேயே உங்கள் பாகத்தைக் கழற்றி, தேய்மானத்தை அளந்து, எந்தக் கடையில் எந்த விலைக்கு வாங்கியது, எது உடைந்தது, எந்த போல்ட்டுக்குக் கை எட்டவில்லை என்று நான்கு பக்கம் எழுதி, கேட் கோப்புகளோடு டீமின் பொது ஃபோல்டரில் போடுங்கள். அடுத்த செப்டம்பரில் நேர்காணலுக்கு வரும் மாணவரிடம் முதலில் கொடுக்க வேண்டியது அதைத்தான்.